பாயை அறுத்தது யார்?

டிர்ர்ர்ரிங்... டிர்ர்ர்ரிங்...!

செரண்டாவுக்கு வடக்கே, கோலாலம்பூருக்குப் போகும் பழைய சடக்கோரத்தில் இருந்த அந்தக் குட்டிப் போலீஸ் ஸ்டேஷனில் போன் அலறியது.

1986. ஞாயிற்றுக்கிழமை. காலை மணி பதினொன்று இருபது.

கோப்பரல் இருசப்பன் சோம்பலாகப் போனை எடுத்தார்.

"ஹலோ... ஸ்டேஷன்..."

"காவலரே! பாயை அறுத்துட்டானுங்க!"

இருசப்பனின் வாயிலிருந்த பல்குச்சி கீழே விழுந்தது.

"என்னது?"

"பாயைங்க! மேலேருந்து கீழ வரைக்கும் ஒரே அறுப்பு! நடுவுல பெரிய துண்டா வெட்டி எடுத்துக்கிட்டே போயிட்டானுங்க, பாவிங்க!"

"ஐயையோ! உயிரு...?"

"உயிரே போச்சு காவலரே! மூணு மணிக்குள்ள ஆளைப் புடிச்சாகணும். ஆறாங்கட்டைத் தோட்டத்து ஈயக்குட்டைக்கு உடனே வாங்க!"

டொக்!

லைன் கட்டானது.

இருசப்பன் அப்படியே நின்றார். இருபத்து நான்கு வருஷ சர்வீஸ். பிடித்ததெல்லாம் கோழித் திருடன், சைக்கிள் திருடன், ஒரு தடவை பக்கத்து வீட்டுச் சேவலை விஷம் வைத்துக் கொன்ற கிழவர். மனிதக் கொலை ஒன்றுகூட இல்லை!

"வாசு! கொலைடா!"

சந்தோஷமாகச் சொன்னாரா, பதறிச் சொன்னாரா என்று கான்ஸ்டபிள் வாசுவுக்குப் புரியவில்லை.

"யாரை கோப்பரல்?"

"பாயை!"

இருவரும் ஒரே நேரத்தில் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

எதிரே நூருதீன் பாயின் ரொட்டி சானாய் கடை. கதவில் பெரிய பூட்டு!

இருபத்திரண்டு வருஷத்தில் வெள்ளம் வந்தபோதுகூட மூடாத கடை. நேற்று மத்தியானத்திலிருந்து பூட்டிக் கிடந்தது. காலையில் பசியாற வந்தவர்கள் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு வெறும் வயிற்றோடு போனார்கள்.

"எனக்கு அப்பவே சந்தேகம்" என்றார் இருசப்பன். அவருக்கு எந்தச் சந்தேகமும் வந்திருக்கவில்லை. "எட்றா லேண்ட்ரோவரை!"

வாசகரே, உங்களிடம் எனக்கென்ன மறைப்பு? அறுபட்டது நூருதீன் பாய் இல்லை.

பாய்! காற்றைப் பிடித்துப் பலகையைத் தண்ணீரில் ஓட்டுமே, அந்தப் பாய்!

எல்லாம் போன் செய்த மகானால் வந்த வினை. நாராயணசாமி. ஆறாங்கட்டைத் தோட்டத்துக் கிராணி. ஆபீஸில் நாள் முழுக்க ஆங்கிலத்தில் எழுதி எழுதி வெறுத்துப் போனவர். வெளியே வந்தால் தமிழ், தமிழ், தமிழ்தான்! தோட்டத்துப் பிள்ளைகள் ஈயக்குட்டையில் விண்ட்சர்ஃபிங் ஆரம்பித்ததும், தலைவராக வந்து உட்கார்ந்தார். விண்ட்சர்ஃப் என்ற சொல்லை அன்றே அடக்கம் செய்தார். இனிமேல் பாய்ப்பலகை! செயில் கிடையாது, பாய்! ஆங்கிலம் பேசினால் பத்துத் தோப்புக்கரணம். வயசு வித்தியாசமே இல்லை. போன வாரம் ஒருவர் வாய் தவறி 'சாரி' என்றார். பத்துப் போட்டார். முடித்துவிட்டு 'தேங்க்ஸ்' என்றார். இன்னொரு பத்து!

அறுபட்டது சேதுவின் பாய்.

சேதுவுக்கு வயசு இருபத்தாறு. ரவாங் ஃபாக்டரியில் வேலை பார்த்தான். பிப்ரவரியில் முந்நூறு பேரை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதில் அவனும் ஒருவன். மனைவி அம்சவள்ளி ஆறு மாசக் கர்ப்பம். அவளுடைய அப்பா பால்மரம் வெட்டிய வரைக்கும் லயத்து வீடு இருந்தது. அவர் வேலையை விட்டு மூத்த மகளோடு இருக்கப் போய்விட்டார். தோட்டத்து வேலையில் ஆள் இல்லாவிட்டால் தோட்டத்து வீடும் இல்லை. மாசக் கடைசிக்குள் காலி பண்ணியாக வேண்டும்!

இந்த நேரத்தில்தான் கிராணி ஒரு செய்தி கொண்டு வந்தார். பெரிய ஹோட்டலிலிருந்து ஆள் எடுக்க வருகிறார்கள். மாசச் சம்பளம். தங்க வீடு. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குப் போட்டி. ஜெயிப்பவனுக்கு வேலை!

சேதுவுக்கு அந்த வீடு வேண்டும். பிள்ளை பிறக்கும்போது தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும். அவ்வளவுதான்.

காலையில் பாயை அவிழ்த்துப் பார்த்தான். நடுவில் ஓட்டை. ஓர் ஆள் நுழைந்து வெளியே வரலாம்!

ஈயக்குட்டையில் காற்று பேயாட்டம் ஆடியது.

எப்போதோ ஈயம் தோண்டிவிட்டுப் போட்ட பள்ளம். இப்போது பச்சைத் தண்ணீர் நிறைந்த ஏரி. கோலாலம்பூரிலிருந்து வந்த ஏழு பேர் பளபளப்பான பாய்களோடு கரைக்கும் தண்ணீருக்குமாக ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். காற்று ஒரு வீசு வீச, ஒருவனுடைய பாய் அவனையும் இழுத்துக்கொண்டு செம்பனைத் தோப்புக்குள் ஓடியது.

குடை நிழலில் ஹோட்டல் மேனேஜர் மிஸ் லிம் உட்கார்ந்திருந்தாள். எதற்காக இத்தனை பேர் தண்ணீரில் விழுந்து எழுந்து கொண்டிருக்கிறார்கள் என்று குழம்பியதுபோல ஒரு முகம்.

லேண்ட்ரோவர் வந்து நின்றது. இருசப்பன் குதித்தார்.

"பாய் விஷயம்! இங்க யாருக்கு சம்பந்தம்?"

"எனக்குத்தாங்க" என்று சேது ஓடி வந்தான். "என் செ..."

பக்கத்தில் கிராணி தொண்டையைச் செருமினார்.

"...என் பாய்தாங்க!"

இருசப்பன் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"உன் பாயா? அவ்வளவு நெருக்கமா? எவ்வளவு நாளாப் பழக்கம்?"

"ரெண்டு வருசமா நம்மகிட்டதான் இருக்கு. அதுக்கு முன்ன ஒரு வெள்ளைக்காரத் துரை வச்சிருந்தாரு. ஊருக்குப் போறப்ப என்கிட்ட குடுத்துட்டுப் போனாரு."

இருசப்பன் வாசுவின் காதருகே குனிந்தார்.

"செத்ததும் 'அது இது'ங்கிறான் பாரு... கல்நெஞ்சன்டா. எழுதிக்க!"

பிறகு சேதுவிடம் திரும்பினார்.

"கடைசியா எப்போ பாத்தே?"

"நேத்து சாயங்காலம். நல்லா கழுவி, கொடியில காயப்போட்டு, சுருட்டி, கயித்தால கட்டி, கோழிக்கூண்டு மேல வச்சேன்."

வாசுவின் பேனா நின்றது.

"சுருட்டினியா?" இருசப்பன் தொப்பியைக் கழற்றினார். "எதுக்குடா சுருட்டினே?"

"மடிச்சா மடிப்பு விழுந்துருமே!"

"ஐயோ சாமி... இப்ப எங்க?"

"லயத்துல. என் பொஞ்சாதி தைச்சுக்கிட்டு இருக்கா."

"தைக்கிறாளா!"

"ஆமாங்க. கிழிஞ்ச இடத்துல ஒட்டுப் போட்டு ரெண்டு ஓட்டு ஓட்டுனா, மூணு மணிக்குப் பாய் நிமிந்து நிக்கும்!"

இருசப்பன் இடுப்பிலிருந்த விலங்கை உருவினார். கான்ஸ்டபிள் வாசு இரண்டடி பின்னால் போனான்.

"கை நீட்டுடா! பாயை அறுத்த குத்தத்துக்கு உன்னைக் கைது பண்றேன்!"

"நானா? என் பாயை நானே அறுப்பேனா? எனக்கென்ன பைத்தியமா?"

"பைத்தியமா இல்லையான்னு கோர்ட்ல சொல்லு!"

படக்!

விலங்கின் ஒரு வளையம் சேதுவின் இடது கையில். மறு வளையம் இருசப்பனின் கையில்.

"காவலரே, இது அநியாயம்!" என்று கிராணி பாய்ந்தார். "பாய்க்குச் சொந்தக்காரனையே கட்டுறீங்களே!"

"சொந்தக்காரன்தான் முதல்ல செய்வான். சும்மா இருங்க! வாசு, லயத்துக்குப் போ. கிடைச்சதை அள்ளிக்கிட்டு வா!"

கால் மணி நேரத்தில் வாக்கி டாக்கி கரகரத்தது.

"கோப்பரல்... வாசு பேசுறேன். அந்தம்மா தைச்சுக்கிட்டுதான் இருக்கு. ஆனா ரத்தம் ஒண்ணும் இல்ல. துணிதான் இருக்கு."

"யாரு துணி?"

"பாயோட துணின்னு அந்தம்மாவே ஒத்துக்கிச்சு!"

"விடாத! துணியைச் சாக்குல போட்டு சீல் வை. தையல் மெஷினையும் தூக்கு. அதுதான் ஆயுதம்!"

"அந்தம்மா வேற ரொம்பத் திட்டுது கோப்பரல்..."

"அதையும் கூட்டிக்கிட்டு வா!"

மணி ஒன்று. ஒன்றரை. லேண்ட்ரோவர் சேற்றில் சிக்கி, தள்ளி, மறுபடி சிக்கி... வந்து சேர்ந்தபோது மணி இரண்டு நாற்பது!

போட்டிக்கு இன்னும் இருபது நிமிஷம். சேதுவின் பாய் சாக்குக்குள். சேது விலங்குக்குள். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அம்சவள்ளி இறங்கினாள். ஒரு கை இடுப்பில். மறு கை வயிற்றில்.

"என் வீட்டுக்காரரை எதுக்குக் கட்டி வச்சிருக்கீங்க?"

"கொலை கேஸும்மா!"

"கொலையா? யாரு செத்தா?"

"பாய் செத்துட்டாரு!"

"எந்தப் பாயி?"

இருசப்பன் வாயைத் திறந்தார்.

"ஆ... ஆ... ஆ... ஆ...!"

அலறல் அவர் வாயிலிருந்து வரவில்லை. ஏரியிலிருந்து வந்தது!

எல்லாரும் திரும்பினார்கள்.

வானத்தில் ஒரு பூதாகரமான வாவ் பட்டம். ஒரு வீட்டுக் கூரை அளவு! நடுவில் சிவப்புத் துணி படபடத்தது. அதிலிருந்து இறங்கிய கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு பலகையின் மேல் நின்றபடி, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓர் உருவம் வந்தது.

கட்டம் போட்ட கைலி. வெள்ளைத் தொப்பி. ஒல்லிக் கால்கள்.

"நிறுத்துங்கடா! யாராச்சும் நிறுத்துங்கடா!"

"பாய்!" என்று கத்தினார் இருசப்பன்.

எப்படி நிறுத்துவது? இப்படி ஒரு வாகனத்தை இதற்கு முன் யாரும் பார்த்ததே இல்லை. கோலாலம்பூர்க்காரர்கள் கும்பிட்டபடி விலகினார்கள். பட்டம் கரையைத் தாண்டியது. பாய் தாண்டவில்லை. லாலான் புல்லுக்குள் தலைகுப்புற விழுந்து, உருண்டு, சரியாக இருசப்பனின் பூட்ஸில் வந்து முட்டி நின்றார்.

"கோப்பரல்... ஒரு வாய் தண்ணி."

"பாய்! நீங்க செத்துட்டீங்களே!"

நூருதீன் பாய் தன்னைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"எப்போ? எனக்கு யாரும் சொல்லலியே லா!"

இருசப்பனின் முகம் சுருங்கிப் போனது. வாழ்நாளில் கிடைத்த ஒரே கொலை. அதுவும் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்கிறது!

சேது பட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். செம்பனை மட்டையில் சிக்கி நின்ற அந்தச் சிவப்பு...

"அது என் பாய்!"

"தெரியும்டா. பாய்தான், உயிரோடதான் இருக்காரு. விடு!"

"இவரு இல்லீங்க! அந்தப் பட்டத்து நடுவுல இருக்கிற துணி! அதான் என் பாய்! பலகையில கட்டுற பாய்!"

ஐந்து விநாடி. எல்லாரும் பட்டத்தையும் நூருதீன் பாயையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

சாக்கின் வாயைப் பிரித்து வாசு உள்ளே பார்த்தான். அதே சிவப்புத் துணி.

"கோப்பரல்... அப்ப அறுபட்டது இந்தப் பாய். அறுத்தது..."

"அந்தப் பாய்" என்றாள் அம்சவள்ளி.

வாசு நோட்டுப் புத்தகத்தில் 'பாயை அறுத்தது பாய்' என்று எழுதினான். ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தையே கிழித்தான்.

சேது நூருதீன் பாயின் முன்னால் போய் நின்றான். விலங்கில் மாட்டியிருந்ததால் இருசப்பனும் கூடவே போக வேண்டியிருந்தது.

"ஏன் பாய்? நான் உங்களுக்கு என்ன பண்ணேன்?"

"தம்பி... இருபத்திரண்டு வருசமா மாவு வீசுறேன். தோள்பட்டை போச்சு. அந்த ஹோட்டல் வேலை எனக்குக் கிடைக்குமான்னு ஒரு நப்பாசை. சின்னதுலேருந்து வாவ் விடுவேன். பட்டத்தைப் புடிச்சுக்கிட்டு தண்ணில போலாமேன்னு தோணுச்சு. காகிதத்துல ஒட்டினேன், காத்து கிழிச்சிருச்சு. விடியக்காலை உன் கோழிக்கூண்டு மேல துணி இருந்துச்சு..."

"அது துணி இல்ல பாய்! என் வீடு! மாசக் கடைசியில நாங்க நடுச்சடக்குல நிக்கணும். வயித்துப் புள்ளையோட அவளை நான் எங்க கூட்டிக்கிட்டுப் போவேன்?"



பாயின் தலை குனிந்தது. பிறகு விருட்டென்று எழுந்தார். செம்பனையடிக்கு ஓடினார். பட்டத்தைப் பிடித்து இழுத்து, நடுத்துணியை ஒரே கிழியாகப் பிரித்துக் கொண்டுவந்து அம்சவள்ளியின் மடியில் வைத்தார்.

"தாயி... வீடு போற சமாச்சாரம் எனக்குத் தெரியாது. மன்னிச்சிரு. சீக்கிரம் தை!"

அம்சவள்ளி நேரத்தைப் பார்த்தாள். மணி இரண்டு நாற்பத்தாறு.

"திட்டுறதை அப்புறம் வச்சுக்கிறேன். மெஷினை இறக்குங்க!"

"அது சாட்சிப் பொருள்மா. திருப்பிக் குடுக்க ஃபாரம் நிரப்பணும். மூணு காப்பி..." என்று ஆரம்பித்தார் இருசப்பன்.

அம்சவள்ளி அவரைப் பார்த்தாள்.

அடுத்த நிமிஷம் லேண்ட்ரோவரின் முன்மூடி மேல் தையல் மெஷின்! இருசப்பனே சாவி எடுத்துத் தன் கை விலங்கைத் திறந்தார். சேதுவின் கையைத் திறக்கப் போகும்போது காற்று அறைந்தது. சாவி பறந்தது.

பொளக்!

நாற்பதடி ஆழ ஈயக்குட்டை.

"இன்னொரு சாவி?"

"அதைத்தான்டா தொலைச்சிட்டு இதை வச்சிருந்தேன்!"

"பேச நேரம் இல்ல!" அம்சவள்ளி அதட்டினாள். "கோப்பரல், சக்கரத்தைச் சுத்துங்க. வாசு அண்ணே, துணியை இழுத்துப் புடிங்க. கிராணி ஐயா, நீங்க தயவுசெஞ்சு ஒண்ணும் சொல்லாதீங்க!"

கடகடகடகட...!

கோப்பரல் சக்கரம் சுற்றினார். நூருதீன் பாய் நூல் கோத்தார். இரண்டு ஐம்பத்தெட்டுக்கு அம்சவள்ளி கடைசி நூலைப் பல்லால் கடித்தாள்.

"போங்க. விழுந்தா நான் பேச மாட்டேன்!"

பீப்பீ...!

விசில்! எட்டுப் பலகைகள் பாய்ந்தன. மிதவையை இரண்டு சுற்று. அவ்வளவுதான் போட்டி.

முதல் சுற்றில் சேது கடைசி! இடது கையில் ஊஞ்சலாடிய விலங்கு கம்பியில் மோதி மோதிச் சத்தம் போட்டது.

இரண்டாவது சுற்று. மேற்கே வானம் கறுத்தது. மழைக்கு முந்திய காற்று, செம்பனைகளை வளைத்தபடி ஏரியில் இறங்கியது!

முதலில் போனவன் கையை விட்டான். தண்ணீரில்! இரண்டாமவன் அவன் மேல். மூன்று, நான்கு... பாய்கள் படபடவென்று சரிந்தன. சேதுவின் விரல்களும் நழுவின.

அவனுக்கு ஒரே ஒரு நினைப்பு. விடக்கூடாது!

ஆடிக்கொண்டிருந்த வளையத்தைப் பிடித்தான். கைப்பிடிக் கம்பியில் மாட்டினான்.

படக்!

இப்போது காற்று அவனைப் பிடுங்க முடியாது. அரசாங்கத்து இரும்பு! பலகை ஏரியின் மேல் பறந்தது. தையல் விரிந்தது, ஆனால் விடவில்லை. சேது கண்ணை மூடிக்கொண்டு அம்மா, அம்மா என்று கத்தியபடியே எல்லைக் கயிற்றைத் தாண்டி, கரையேறி, மண்ணில் சறுக்கி, மிஸ் லிம்மின் நாற்காலிக்கு அரையடி முன்னால் போய் நின்றான்.

"ஜெயிச்சாச்சு!" கிராணி துள்ளினார். "அம்மணி! இவர்தான் நீங்கள் தேடிய ஆள்!"

மிஸ் லிம் எழுந்தாள். கெர்லிங் தோட்டத்துக் கடை வீட்டில் வளர்ந்தவள். தமிழ் தண்ணீர் பட்ட பாடு.

"விளையாட்டு நல்லா இருந்துச்சு லா. ரொம்ப நன்றி. இப்ப வேலையைப் பாக்கலாமா? எங்க பாய்?"

கூட்டம் மொத்தமும் நூருதீன் பாயை முன்னால் தள்ளியது.

"இந்தாங்க பாய்!"

மிஸ் லிம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இவ்வளவு வயசான பாயா? பெட்டி தூக்குவாரா?"

"பெட்டியா?" கிராணி விழித்தார். "நீங்கதானே தொலைபேசியில ஒரு நல்ல பாய் வேணும்னு சொன்னீங்க? நல்ல காத்து அடிக்கிற இடம்னு சொன்னீங்க? அதான் பாய்ப்பலகைப் போட்டி வச்சேன்!"

"ஆமா. ரூம் பாய்! பிரேசர் மலை மேல ஹோட்டல். காத்து குளுகுளுன்னு அடிக்கும்."

மலை!

கடலும் கிடையாது. குட்டையும் கிடையாது. பலகை மிதக்க ஒரு பக்கெட் தண்ணீர் இருந்தால் அதிகம்!

நாராயணசாமி கிராணி மெல்ல மண்ணில் உட்கார்ந்தார். கோலாலம்பூர்க்காரர்கள் ஏழு பேரும் சத்தமில்லாமல் காற்றில் பாய்களைச் சுருட்ட முடியாமல் சுருட்டப் பார்த்தார்கள். எட்டாவது ஆள் மட்டும் நகரவில்லை. விலங்கோடும் பாயோடும் நின்று மூச்சு வாங்கினான்.

"மேடம்... அந்த வேலைக்கு வீடு உண்டுங்களா?"

"உண்டு. ரெண்டு அறை. குடும்பத்தோட இருக்கலாம்."

"அப்ப நான் வர்றேன் மேடம். பெட்டி தூக்குறேன், கூட்டுறேன், எது வேணாலும் செய்யறேன்."

அம்சவள்ளி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அன்றைக்கு முதல் தடவையாக.

மிஸ் லிம் சேதுவை யோசனையாகப் பார்த்தாள்.

"ரூம் பாய்னா பெட்டி மட்டும் இல்லப்பா. முக்கியமான வேலை பெட்ஷீட்டு. ஒரு சுருக்கம் இல்லாம விரிக்கணும். உனக்கு வருமா?"

சேது பதில் சொல்வதற்குள் அம்சவள்ளி கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"புயல்ல, ஆடுற தண்ணி மேல பாய் விரிச்ச மனுசன் மேடம்... ஆடாத கட்டில் மேல விரிக்க மாட்டாரா!"